பணிவு என்று திருத்துக

தாளும் தேநீரும் தந்ததற்கு நன்றி. தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஆனாலும் ஒரு பொலிஸ் நிலையத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பொறுப்பதிகாரி ஐயா, கான்ஸ்டபிள் ஹிஷாம் எழுதிய என் வாக்குமூலத்தை இரண்டு முறை வாசித்தேன். நாள், நேரம், இடம் எல்லாம் சரி. கையொப்பமிட எனக்குத் தடையில்லை. இரண்டாம் பக்கத்தில் உள்ள ஒரு சொல்லை மட்டும் திருத்த வேண்டும். இறந்துபோன என் மருமகன் சுபியானைப் பற்றி அங்கே 'பயந்த சுபாவம் உடையவர்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அது பிழை. 'மிகுந்த பணிவுள்ளவர்' என்று வர வேண்டும். ஹிஷாமிடம் சொன்னேன். பெரிய ஐயாவைக் கேட்க வேண்டும் என்றார். அதனால்தான் காரணத்தை நானே எழுதுகிறேன்.

ஹிஷாம்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் என் மாணவர். சாய்ந்தமருதிலே நான் பாடசாலை அதிபராக இருந்த பதினான்கு ஆண்டுகளில் ஆறு ஆண்டு என்னிடம் படித்தவர். நேற்று என்னை உள்ளே கூட்டி வந்ததும் கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் இருந்தேன், அவர் நின்றுகொண்டே எழுதினார். சந்தேக நபர் இருக்க, பொலிஸ்காரர் நிற்பது உங்கள் சட்டத்தில் உண்டோ தெரியாது. அவருடைய பாடசாலை விடுகைப் பத்திரத்தில் நடத்தை என்ற இடத்தில் 'கீழ்ப்படிவுள்ளவர்' என்று எழுதியது நான்தான். 'பணிவுள்ளவர்' என்று எழுதவில்லை. அவருக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் இருந்தது. உங்கள் திணைக்களத்தில் அது குறைந்திருக்கிறது, சந்தோசம்.

இந்த இரண்டு சொற்களையும் ஆட்கள் ஒன்றாக நினைக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றல்ல. கீழ்ப்படிவுள்ளவர் சொன்னதைச் செய்வார். அது யாருக்கும் முடியும், பிரம்பு இருந்தால் போதும். பணிவுள்ளவர் சொல்லும்வரை எதையும் செய்யமாட்டார். அது பிரம்பால் வராது. நாள்பட வளர்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு நளீம் என்று ஒரு மாணவர் இருந்தார். பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள், நான் பாடம் எடுக்கும்போது எவரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நளீம் மூன்று பாடவேளையும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முகம் வெளிறியிருந்ததைக் கண்டேன், ஆனால் கையை உயர்த்தாத பிள்ளையிடம் நானாகப் போய்க் கேட்பது அழகல்ல. மணி அடித்த பிறகுதான் விழுந்தார். குடல்வால் வெடித்திருந்தது. பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். அவருக்குத்தான் என் கையால் முதன்முதலில் 'மிகுந்த பணிவுள்ளவர்' என்று எழுதினேன். இப்போது கட்டாரில் நல்ல வேலை. ஊருக்கு வந்தால் என்னைக் கண்டதும் சேர்ட் கையை இறக்கி விட்டுக்கொள்வார்.

என்னைப் பற்றியும் கேட்பீர்கள். நானும் மேலே உள்ளவர்களுக்கு நடந்து காட்டியவன்தான். ஒரு முறை எங்கள் பாடசாலைக்கு அடிக்கல் நாட்ட வந்த பெரிய மனிதருக்கு மூன்று மணி நேரம் குடை பிடித்தேன். அவர் வரப் பிந்தியதால் முதல் இரண்டு மணி நேரமும் குடையின் கீழே ஒருவரும் இருக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். அது மரியாதை. நான் மேலே பார்த்துச் செய்தது மரியாதை, கீழே பார்த்து எதிர்பார்த்தது பணிவு. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் சிரிப்பார்கள்.

இனி மருமகனுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வதுதான் வழக்கம். ஒரே மகள் அப்னாவுக்காக மூன்று இடம் பார்த்தேன். முதலாவது மாப்பிள்ளை ஓர் ஆசிரியர். எங்கள் மண்டபத்தில் இருந்தபோது புழுக்கமாக இருக்கிறது என்று எழுந்து போய் யன்னலைத் திறந்தார். யாரையும் கேட்கவில்லை. அந்தப் பேச்சை அன்றே விட்டேன். இரண்டாவது ஆள் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். மூன்றாவது சுபியான், மருதமுனையில் நெசவுக் குடும்பம், தகப்பன் இல்லை. அவர் வந்த அன்று என் மனைவி ஆசியா உம்மாவிடம் தேநீரில் சீனிக்குப் பதிலாக உப்புப் போடச் சொன்னேன். அவள் மறுத்தாள், பிறகு போட்டாள். சுபியான் கடைசித் துளி வரைக்கும் குடித்தார்.

"தேத்தண்ணி எப்படி மகன்?" என்று கேட்டேன்.

"நல்லா இரிக்கி மாமா."

"இன்னொண்டு தரச் சொல்லட்டா?"

"ஓம் மாமா."

அதையும் குடித்தார். என் கண் கலங்கிவிட்டது. இதை நான் மறைக்க விரும்பவில்லை, அப்படி ஒரு பிள்ளையை நான் வகுப்பறையில்கூடக் கண்டதில்லை.

வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் தாய் தகப்பன் பின் அறைக்குப் போக வேண்டும், முன் வீடு மகளுக்கும் மருமகனுக்கும். சுபியான் வந்த முதல் நாளே "நீங்க முன்னுக்கே இரிங்க மாமா" என்றார். நான் ஏற்றுக்கொண்டேன். அவருடைய சூட்கேஸ் பின் அறைக்குப் போனது. புடவைக் கடையில் வேலைக்கு நின்றவரை என் ஆழ்கடல் படகின் வேலைகளைப் பார்க்க ஒலுவில் துறைமுகத்துக்கு அனுப்பினேன். ஓய்வுபெற்ற பிறகு நான் வாங்கிய படகு. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார். ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. படகோட்டி அழகரெத்தினம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வினாயகபுரத்து ஆள், நல்ல தொழில்காரர், கொஞ்சம் வாய் கூட.

எங்கே போவதானாலும் மருமகன் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவார். "உம்மாட்ட போய்ட்டு வரட்டா மாமா?" "முடி வெட்டிட்டு வரட்டா மாமா?" நான் மறுத்ததே குறைவு. கேட்பதுதான் முக்கியம், போவதல்ல. நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் பகலில் அவருடைய தாய்க்கு நோய் கடுமையாகிவிட்டது என்று மருதமுனையிலிருந்து அழைப்பு வந்தது. நான் சாப்பிட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தேன். அவர் என் அறை வாசலில் குந்திக்கொண்டு இருந்தார், ஒன்றரை மணி நேரம். நான் விழித்ததும் கேட்டார், ஓம் என்றேன், போனார். போய்ச் சேர்ந்தபோது தாய்க்குப் பேச்சு நின்றுவிட்டதாம். அஸர் தொழுகைக்குப் பிறகு மவுத்தானார்.

"என்ன ஏன் எழுப்பல்ல?" என்று பிறகு கேட்டேன்.

"நீங்க உறக்கம் மாமா."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு முகச்சுளிப்பு இல்லை. அப்னா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அவளுக்குத் தாயின் குணம், பணிவு போதாது. ஆசியா உம்மா இப்போது ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறாள், ஒன்பது வருடத்தில் ஒரு நாளாவது நான் அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். மருமகன் என்பது உறவைச் சொல்கிற சொல், பேர் யாருக்கும் இருக்கும். இதை அவளுக்கு விளக்க நேரம் கிடைக்கவில்லை.

சென்ற மாதம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பேத்தி றிஸ்னாவுக்கு ஆறு வயது. ஒரு திங்கட்கிழமை பின்னேரம் வெயிலில் விளையாடிவிட்டு வந்தாள், நான் முன் அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிட்ஜின் முன்னால் போய் நின்று "தண்ணி குடிக்கட்டா மூத்தாப்பா?" என்று கேட்டாள். ஒரு கட்டுரையின் நடுவில் இருந்தேன், அதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை கேட்கவுமில்லை. மூன்றாவது தலைமுறையிலும் வந்துவிட்டது என்று எனக்கு ஒரு பூரிப்பு. அந்த நேரம் மருமகன் வெளியிலிருந்து வந்தார். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து தண்ணீரை எடுத்து மகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

மறுநாள் காலை என் முன்னால் வந்து நின்றார்.

"அடுத்த மாசம் நாங்க மருதமுனைக்குப் போறம் மாமா. புடவைக் கடையொண்டுல வேல சரி வந்திரிக்கி. அப்னாவும் புள்ளயும் என்னோட வாறாங்க."

கவனியுங்கள் ஐயா, போகட்டா என்று கேட்கவில்லை. போறம் என்று சொன்னார். ஒன்பது வருடத்தில் முதல் முறை. குரல் நடுங்கியது. ஹிஷாம் பயந்த சுபாவம் என்று எழுதியதற்கு அந்த நடுக்கத்தை அப்னா விவரித்ததுதான் காரணமாக இருக்கும். அவள் கணவனை இழந்து, வெளியே போகாமல் இத்தாவில் இருப்பதால் வீட்டுக்கே பெண் பொலிஸ் போய் முறைப்பாட்டை எழுதியது என்று அறிந்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்திருப்பாள் என்று நம்புகிறேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கவலைதான் வந்தது. எங்கள் ஊரில் பெண்ணை வீட்டை விட்டுக் கூட்டிப் போனால் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பது ஒரு கவலை. அதை விடப் பெரிய கவலை மருமகனைப் பற்றியது. ஒன்பது வருடம் கட்டிக் காத்த ஒரு குணம் ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைந்துவிடுமா? அது போய்விட்டதா, அல்லது உள்ளே இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஓர் ஆசிரியருக்குச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு ஒலுவிலுக்குப் போனேன். துறைமுக வாயை மணல் மூடியதால் படகு நாற்பது நாளாக உள்ளேயே கட்டிக் கிடந்தது. மீன் போடும் அறையில் கழிந்த மீனும் இரையும் மிச்சம் கிடந்தன. ஐஸ் உருகி எல்லாம் அழுகிய தண்ணீராகி, மேலே மூடி இறுக்கி மூடப்பட்டிருந்தது. அழகரெத்தினம் மூடியைத் திறந்தார். மணத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அவர் ஒரு போத்தல் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். இரண்டு முழம் போகவில்லை, விளக்கு நூந்துவிட்டது. இழுத்து எடுத்து மறுபடியும் கொளுத்தி இறக்கினார். மறுபடியும் நூந்தது.

"சேர், உள்ளுக்குக் காத்துக் கெட்டுப் போய்க் கிடக்கு," என்றார். "இறங்கின ஆள் ஏற மாட்டான். அந்தக் கரையில நிக்கிற போட்டுல காத்தடிக்கிற பேன் ஒண்டு இரிக்கி, கேட்டு எடுத்துட்டு வாறன். நான் வரு மட்டும் ஒருத்தரும் இறங்கப்படாது. தம்பி, விளங்கினதா?"

மருமகன் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அழகரெத்தினம் போனார்.

இதுவரைக்கும் ஹிஷாம் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு 'மருமகன் உள்ளே இறங்கினார்' என்று ஒரு வரியும், அழகரெத்தினம் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் குனிந்து, கயிற்றுச் சுருக்கைப் போட்டு இழுத்தது ஒரு பந்தியுமாக எழுதியிருக்கிறார். நடுவில் நடந்ததைக் கேட்கவில்லை. கேட்க வாய் எடுத்தார், நான் நிமிர்ந்து பார்த்தேன், விட்டுவிட்டார். என்னிடம் படித்தவர். ஆனால் அந்த நடுப்பகுதியில்தான் நான் கேட்கிற திருத்தத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆகவே சொல்கிறேன்.

அந்த அறையை அன்று கழுவ வேண்டிய அவசியம் ஒன்றும் இருக்கவில்லை. மணல் எடுபட இன்னும் ஒரு மாதமாவது ஆகும். நான் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, திறப்பின் ஓரத்தில் இருந்தேன்.

"கீழ மூலையில தண்ணி இறைக்கிற குழாய்ட வாய் அடைச்சிருக்கா எண்டு ஒருக்காப் பாருங்க மருமகன்," என்றேன்.

"அழகரெத்தினம் அண்ணன் வரட்டுமே மாமா."

நான் பதில் சொல்லவில்லை. வகுப்பறையிலும் அப்படித்தான், பிழையான விடைக்கு நான் ஏசுவதில்லை, சரியான விடை வரும் வரைக்கும் பேசாமல் இருப்பேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஒரு பரிசு வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"நீங்க போறத நான் தடுக்கல்ல," என்றேன். "போறதுக்கு முதல் இந்த ஒரு வேலய மட்டும் செஞ்சி தந்துட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு சின்ன வெளிச்சம் முகத்தில்.

"இதப் பாத்துத் தந்தா நாங்க போகலாமா மாமா?"

கேட்டார், ஐயா. திரும்பவும் கேட்டார். போறம் என்று சொன்ன அதே வாய். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உண்மையில் என் சோதனை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அவர் சித்தியடைந்துவிட்டார். வேண்டாம், வாங்க வீட்ட போவம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்ட பிள்ளைக்கு விடை சொல்லாமல் விட முடியாது.

"ஓம்," என்றேன்.

சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி இரும்பு ஏணியில் இறங்கினார். ஏழு படி. தூர மூலை இரண்டிலும் ஒவ்வொரு குழாய் இருந்தது. தண்ணீர் அவருடைய முழங்காலுக்கு வந்தது. வலப்பக்கம் பார்த்துவிட்டு, அடைக்கவில்லை என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பி ஏணியடிக்கு வந்தார்.

"மாமா, தலை சுத்துது. ஏறட்டா?"

"இடப்பக்கத்தையும் பாத்துட்டு ஏறுங்க," என்றேன்.

"ஓம் மாமா."

போனார். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். பார்த்தார், அல்லது பார்ப்பதுபோல நின்றார். மறுபடியும் ஏணியடிக்கு வந்தபோது நடை சரியில்லை. ஒரு கையால் ஏணிப் படியைப் பிடித்துக்கொண்டார். என் முகத்துக்கும் அவருடைய முகத்துக்கும் நடுவில் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கையை நீட்டினால் எட்டியிருக்கும்.

"மாமா, ஏறட்டா?"

குரல் மிக மெல்லிதாக இருந்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பதினான்கு வருடம் விடுகைப் பத்திரங்களில் எழுதிய ஒரு சொல்லை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது.

பயந்தவர் என்றால் என்ன செய்வார் ஐயா? கேட்டுக்கொண்டு நிற்பாரா? விளக்கு நூந்ததைக் கண்டதும் ஓடியிருப்பார். தலை சுற்றியதும் என்னைத் தள்ளிவிட்டாவது ஏறியிருப்பார். ஏணி அவருடைய கையில்தான் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை, மூடியை மூடவில்லை, அவரைத் தொடக்கூட இல்லை. அவர் ஏணிப் படியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்து நின்றார், நான் சொல்லட்டும் என்று நின்றார். பிறகு கை பிடியை விட்டது. நான் பெட்டியில் இருந்தபடி காத்திருந்தேன்.

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.